இரண்டாம் முறை கரைத்த சாம்பல்

விடை தெரிந்தவர்கள் அவசரப்பட்டு வாயைத் திறக்க வேண்டாம். கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்கள் பாடு.

மயிலாடுதுறையில் தணிகாசலம் என்று ஒருவன். கல்யாண வீடுகளில் ட்ரோன் பறக்கவிட்டு வீடியோ எடுப்பது அவன் தொழில். மாப்பிள்ளை காரைவிட்டு இறங்குவதைக்கூட, சினிமாவில் ராஜா வருகிற மாதிரி காட்டிவிடுவான். தாலி கட்டும்போது கோணம் சரியாக அமையாவிட்டால், "மாப்பிள்ளை, இன்னொரு தடவை கழுத்துக்கிட்ட கையைக் கொண்டு போங்க" என்று கூசாமல் கேட்பான். அவர்களும் சிரித்துக்கொண்டே செய்வார்கள். அந்தத் தொழிலில் இதெல்லாம் சகஜம்.

ஆனால் மாசிலாமணி அவனைத் தேடி வந்தது கல்யாணத்துக்காக இல்லை. அவருடைய அப்பா இறந்துபோயிருந்தார். அஸ்தியைப் பூம்புகாரில், காவிரி கடலில் கலக்கிற இடத்தில் கரைக்க வேண்டும். தங்கை மங்கை இருப்பது கனடாவில். கர்ப்பத்தில் ஏதோ சிக்கலாகி, படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாவம், அப்பாவின் காரியத்துக்கு வர அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவளே தணிகாவிடம் போனில் பேசினாள்.

"அண்ணா, அப்பா தண்ணியில கலக்கறதை நான் பார்க்கணும். அழகா இல்லாட்டியும் பரவால்ல. நடந்தது நடந்தபடி எனக்கு வேணும்."

"நடந்தபடியே தரேன்மா" என்று வாக்குக் கொடுத்தான் தணிகா.

பொழுது விடிகிற நேரத்தில் மாசிலாமணியும் அவருடைய அம்மா தையல்நாயகியும் ஒரு மீனவரின் பைபர் படகில் ஏறினார்கள். பெண்கள் இதற்கெல்லாம் வரக்கூடாது என்று உறவுக்காரர்கள் தடுத்துத்தான் பார்த்தார்கள். "பொண்ணுதான் வரலை, பெண்டாட்டியும் வரக்கூடாதா?" என்று அந்த அம்மா கேட்ட பிறகு அவர்களே வழிவிட்டார்கள். தணிகா கரையில் நின்று ட்ரோனை ஏற்றினான். படகைச் சுற்றி ஒரு வட்டம். பிறகு அலைக்கு மேலே தாழ வந்து, உதிக்கிற சூரியனுக்கு எதிரே கலயம் கவிழும் காட்சி. அவனுக்கே உடம்பு சிலிர்த்துப்போனது.

விதியைப் பாருங்கள்! பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் ஒரே பொத்தான். கரையில் சோதித்துப் பார்க்க ஒரு தரம் அழுத்தியவன், அதை மறந்தே போனான். படகு இடம் சேர்ந்ததும், ட்ரோனை மணலிலிருந்து ஏற்றுமுன், தொடங்குவதாக நினைத்து மறுபடி அழுத்தினான். ஓடிக்கொண்டிருந்த பதிவு நின்றுவிட்டது. கண்ணுக்கு நேரே வெயில் அடித்ததில், பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்புப் புள்ளி திரையில் இல்லாததை அவன் கவனிக்கவில்லை. எல்லாம் முடிந்து போட்டுப் பார்த்தால், இருந்தது கரை மணலும் அவன் செருப்பும் ஒரு நாயின் வாலும்தான். அஸ்தி கரைத்தது இல்லவே இல்லை. தணிகா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

மாசிலாமணி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கடைத்தெருவுக்குப் போய்ப் புதுக் கலயம் ஒன்று வாங்கி, இட்லிக்கடை விறகடுப்புச் சாம்பலை அதில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்.

"தம்பி, இன்னொரு தடவை எடுங்க. என் தங்கச்சி இருக்கிற நிலைமையில இதைத் தாங்க மாட்டா. பாவம் வந்தா என் தலையில வரட்டும். அவகிட்ட இந்த விஷயம் போகக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

தப்பு தன்னுடையது என்பதால் தணிகா அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். தையல்நாயகி மகன் நீட்டிய கலயத்தை வாங்கிக்கொண்டு அவரோடு மறுபடி படகேறினார்.

இந்த முறை பதிவு ஓடியது. ட்ரோன் தாழ வந்ததும் அந்த அம்மா நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. பிறகுதான் சாம்பலைக் கொட்டினார். கரைக்கு வந்தவர் நேரே தணிகாவிடம் வந்தார்.

"தம்பி, நான் பேசினது பதிஞ்சிருக்கா?"

"என்னம்மா பேசினீங்க?"

"மங்கை, அப்பாவை முன்னாடியே கரைச்சாச்சும்மா. அதைப் படம் புடிக்க முடியாமப் போச்சு. இது வெறும் அடுப்புச் சாம்பல். உங்க அண்ணன் உன்மேல இருக்கிற பிரியத்துல செய்யறான், கோவிச்சுக்காத. புள்ளையப் பெத்து எடுத்துக்கிட்டு வா, இங்க வந்து கால் நனைப்போம்னு சொன்னேன்."

அந்த ட்ரோனில் படம் மட்டும்தான் பதியும், குரல் பதியாது. அதை எப்படி அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வது? "போய்ச் சேர்ந்துரும்மா" என்று சொல்லிவிட்டான் தணிகா.

மாசிலாமணி அவனைத் தனியே அழைத்தார். "அதுல சத்தம் பதியாதுல்ல? நல்லதாப் போச்சு. ஒரு பாட்டைப் போட்டு அனுப்பிடுங்க. அம்மா ஏதோ வேண்டிக்கிற மாதிரிதான் தெரியும்."

தணிகா பாட்டுப் போடவில்லை. அந்த அம்மா பேசும் இடத்தில், அவர் சொன்ன வார்த்தைகளை ஓர் எழுத்து மாறாமல் படத்தின் அடியில் எழுதி மங்கைக்கு அனுப்பினான், மாசிலாமணிக்கும் ஒரு பிரதி போனது. மறுநாளே மாசிலாமணி அவன் கடை வாசலில் வந்து நின்றார்.

"கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு இப்படிக் கழுத்தறுத்துட்டியே!"



இப்போது நீங்கள் சொல்லுங்கள். தங்கை தாங்கமாட்டாள் என்று பொய்க்கு ஏற்பாடு செய்த அண்ணன், மகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டு மகனுக்காகச் சாம்பலையும் கொட்டிய தாய், கொடுத்த சத்தியத்தை உடைத்த தணிகா: இதில் யார் செய்தது சரி?

விடை: தணிகா சத்தியம் தவறியவன்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தச் சத்தியத்தைக் கேட்க மாசிலாமணிக்கு உரிமை கிடையாது. மங்கையின் துக்கம் மங்கையுடையது. தாய் மகளுக்குச் சொன்ன சொல்லும் அவளுடையதுதான். அதை நடுவில் நிறுத்தி வைப்பது அடுத்தவர் பொருளை எடுத்துக்கொள்வதுபோல. ஆகவே அதை மங்கையிடம் சேர்த்தது சரி, அந்தப் பழியைத் தணிகா சுமக்கத்தான் வேண்டும். மூவரிலும் முழுக்கச் சரியாக நடந்தவர் தையல்நாயகி. ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையை அவர் கைவிடவில்லை. மங்கை தாங்கமாட்டாள் என்று பயந்தார் அல்லவா மாசிலாமணி? அவர் தணிகாவிடம் சண்டை போட்டுவிட்டுப் போன அன்று ராத்திரி அவள் அவரைப் போனில் கூப்பிட்டாள். "அப்பாவைப் பார்க்கலைன்னா என்னண்ணா, உங்க ரெண்டு பேரையும் பார்த்தேன்ல" என்றாள். அப்பா செத்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷர், அதைக் கேட்டு வாய்விட்டு அழுதார்.