மலிவு நாட்டுத் தூளி

அரிசியும் வீடும் கொள்ளை மலிவாகக் கிடைக்கிற நாடு ஒன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்றால், நீங்கள் மூட்டை கட்டுவீர்களா, மாட்டீர்களா? இப்போதே பதில் சொல்ல வேண்டாம். கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வெண்பாறை நாட்டைச் செங்கோடன் என்ற ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. நினைத்தது நினைத்தவுடன் நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் தன் செல்ல மயில் மழையில் நனைவதைப் பார்த்துவிட்டார். உடனே அதற்கு ஏழு நிலை மாடம் கட்டச் சொன்னார். செலவுக்கு அடுப்பு வரி போட்டார். எந்தக் கூரையில் புகை தெரிகிறதோ அந்த வீடு வரி கட்ட வேண்டும். அதன்பிறகு அந்த நாட்டில் மழையே பெய்யவில்லை என்பது வேறு விஷயம்.

ஜனங்கள் முதலில் புகை வராமல் சமைக்கப் பார்த்தார்கள். பிறகு சமைப்பதையே குறைத்தார்கள். கடைசியில் ஆற்றைத் தாண்டி மருதத்துறை நாட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். எல்லை தாண்டுவதற்கு ராஜாவின் அனுமதி வேண்டும். அதனால் தினமும் சபையில் கூட்டம்.

அன்றைக்கு முதல் ஆளாக நின்றவள் சிலம்பாயி. இடுப்பில் கைக்குழந்தை. அவள் புருஷன் மயில் மாடத்துக் கல் விழுந்து செத்துப்போயிருந்தான். அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

"எதுக்கம்மா போகிறாய்?" என்றார் ராஜா.

"அங்கே கஞ்சி மலிவாம், மகாராஜா."

சபையில் விருத்தகிரி என்று ஒரு பிரபு இருந்தார். அமைச்சர் பூவராகனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவர் எழுந்து, "மன்னா, அங்கே ஒரு கோழியைக் கொடுத்தால் வீடு தருகிறார்கள், மாட்டோடு. போகிறவர்களை விட்டுவிடுங்கள். அவர்கள் விட்டுப்போகும் நிலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அமைச்சர்தான் ஆபத்து, ஆபத்து என்று தடுக்கிறார். கரப்பான்பூச்சி அடிக்கப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவர் வேறென்ன சொல்வார்?" என்றார்.

ராஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பூவராகரே, நீர் போய்த் தங்கிப் பார்த்துவிட்டு வாரும். ஆபத்து இருந்தால் இதே சபையில் என் கண்ணுக்குக் காட்ட வேண்டும். வெறும் பேச்சை நம்ப மாட்டேன். காட்ட முடியாவிட்டால் உம்முடைய ஆசனம் விருத்தகிரிக்கு. அதுவரை இந்தப் பெண் காத்திருக்கட்டும்."

"நான் காத்திருப்பேன், மகாராஜா. இவன் இருப்பானா தெரியவில்லை" என்றாள் சிலம்பாயி.

சில நாளில் அமைச்சர் திரும்பி வந்தார். சிலம்பாயியும் பிள்ளையோடு சபை ஓரத்தில் காத்திருந்தாள். கையில் ஒரு பழம்புடவை, ஒரு பூசணிக்காய்.

"சமைக்கப் போகிறாரோ?" என்றார் விருத்தகிரி. "வரி கட்டிவிட்டுப் பற்றவைக்கச் சொல்லுங்கள்."

"மன்னா, விருத்தகிரியார் சொன்னதில் பொய்யே இல்லை" என்றார் அமைச்சர். "கோழி விலைக்கு வீடு உண்டு. உறியில் சட்டி, திரிகையில் பாதி அரைத்த மாவு, எல்லாம் அப்படியே இருக்கிறது. பேரம் பேச வீட்டுக்காரர்கள்தான் இல்லை."

பேசிக்கொண்டே புடவையை உத்தரத்தில் தூளியாகக் கட்டினார். பூசணிக்காயை அதில் கிடத்தி ஆட்டினார். திடீரென்று ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். முடிச்சு அவிழ்ந்து பூசணிக்காய் புடவையோடு அவர் கையில் விழுந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, வேட்டி தடுக்கத் தடுக்க, சபையைத் தாண்டி ஓடினார். காவலாளிகூடச் சிரித்துவிட்டான். அமைச்சர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"மருதத்துறையில் எல்லாத் தாய்மாரும் இந்த முடிச்சுதான் போடுகிறார்கள், மன்னா. பின்வாசல் பக்கமாகவே தூளி கட்டுகிறார்கள். இருட்டினால் குதிரையில் கொள்ளைக்காரர்கள் வருவார்கள். அரிசியைத் தொட மாட்டார்கள், அதுதான் மலிவாயிற்றே. பிள்ளைகளைத் தூக்கிப்போய் விற்கிறார்கள். இறுக்கிக் கட்டிய முடிச்சை அவிழ்க்க அங்கே நேரம் கிடையாது."

சிரிப்பு அடங்கிவிட்டது.

"விருத்தகிரியாரே, உங்கள் பேரனை அங்கே இப்படி ஒரு தூளியில் தூங்கவைக்கலாமா?"

"என் பேரன் எதற்கு அங்கே போகிறான்?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் விருத்தகிரி.

ராஜாவின் முகம் சிவந்தது. "ஊரார் பிள்ளை போகலாம், உம்முடையது போகாதோ? இந்தப் பூசணிக்காயைப் பிடியும். பொழுது சாயும்வரை சபை நடுவில் நின்று தாலாட்டுப் பாடும்." பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார். சிலம்பாயியைப் பார்த்து, "பார்த்தாயா அம்மா, எவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து தப்பித்தாய். வீட்டுக்குப் போ" என்றார்.

சிலம்பாயி நகரவில்லை.

"வீட்டுக்குப் போய் இவனுக்கு என்ன கொடுக்கட்டும், மகாராஜா? அடுப்பு வரியை எடுத்துவிடுகிறீர்களா?"

ராஜா சாளரத்தின் வழியாகப் பார்த்தார். வெளியே ஐந்தாவது நிலைக்குக் கல் ஏறிக்கொண்டிருந்தது. "மாடம் முடியட்டும், பார்க்கலாம்" என்றார். அமைச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராஜா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அப்படியானால் என்னை விட்டுவிடுங்கள். அங்கே குதிரை ஒருநாள் வரும், ஒருநாள் வராது. இங்கே பசி தவறாமல் வருகிறது."

ராஜா அவள் முகத்தைப் பார்க்காமல், போகலாம் என்று தலையசைத்தார். விருத்தகிரி பூசணிக்காயோடு நின்றார். பாட்டு வரவில்லை. பாடச் சொல்லி யாரும் வற்புறுத்தவுமில்லை.

சிலம்பாயி அமைச்சரிடம் வந்தாள். தரையில் கிடந்த புடவையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஐயா, அந்த முடிச்சை எனக்கு ஒருதரம் மெதுவாகப் போட்டுக் காட்டுங்கள்."