வாள் ஓங்கிய இடத்தில் ஒரு விளம்பரம்

தொலைக்காட்சித் தொடர்களுக்கு ஒப்புதல் தரும் நடுவர் நீலமேகம் தொண்டையைச் செருமினாலே தொடர் எடுப்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். அன்றைக்கு அவர் பார்க்க உட்கார்ந்தது, ஒரு பழைய சரித்திர நாவலைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்ததை. அவர் வேண்டாமென்றால் தொடர் நின்றுவிடும். கிரீடங்களுக்கு ஜிகினா ஒட்டும் பேச்சிமுத்துவின் பிழைப்பும் அதோடு போச்சு.

திரையில் இளவரசன் வாளை ஓங்கினான். சட்டென்று ஒரு சோப்பு விளம்பரம் வந்தது.

"நிறுத்துங்க!" என்று எழுந்தார் நீலமேகம். கையிலிருந்த தடித்த புத்தகத்தைத் தட்டினார். "வாரப் பத்திரிகையில வந்தப்பவே எங்கம்மா பக்கம் பக்கமா கிழிச்சுச் சேர்த்து பைண்டு பண்ணினது இது. இதுல இல்லாத எதுவும் தொடர்ல வரக்கூடாது!"

அரங்கின் கடைசி வரிசையிலிருந்து பேச்சிமுத்து பசைக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு முன்னே வந்தான்.

"அப்படியே செஞ்சுடலாங்கய்யா. அந்த வாள் ஓங்கற பக்கத்தை மட்டும் கொஞ்சம் காட்டுங்க."

நீலமேகம் பெருமையாகப் புரட்டினார். இளவரசன் வாளை ஓங்கியதும் 'தொடரும்' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே அரைப் பக்கத்துக்கு ஒரு பெண் கூந்தல் தைலப் புட்டியோடு சிரித்தாள்.

"சோப்பு போட்டது எங்க தப்புதாங்கய்யா. தைலமா மாத்திடறோம்."

அரங்கமே சிரித்தது. நீலமேகம் மட்டும் அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

"அடுத்த இதழ் வர்ற வரைக்கும் இளவரசன் எப்படித் தப்பிப்பான்னு அம்மா எனக்குத் தினம் ஒரு கதை கட்டிச் சொல்லுவாங்க. மறந்தே போயிட்டேன். நல்லா இருப்பா நீ."

அவர் உட்கார்ந்தார்.

"விளம்பரத்தைப் போடுங்க. நான் காத்திருக்கேன்."