அருளப்பன் சாரின் கட்டைவிரல்

பெரம்பூரில் ஞாயிறு சாயங்காலம் நடக்கும் ஸ்விங் டான்ஸ் வகுப்பில் எங்கள் குரு கிளெண்டா மிஸ். வயது இருபத்தாறு. சீடர்களில் மூத்தவர், ரயில் ஓட்டி ரிட்டயர் ஆன அருளப்பன் சார். அவர் அவளை ‘மிஸ்’ என்பார். அவள் அவரை ‘அங்கிள்’ என்பாள்.

அது அந்தக் காலத்து ஜோடி ஆட்டம். ஆண் கையை நீட்டினால் பெண் தள்ளிப் போய், ஒரு சுற்று சுற்றித் திரும்ப வேண்டும். சார் தன் மனைவி ஸ்டெல்லா ஆன்ட்டியைத் தள்ளிப் போகவே விடமாட்டார். மணிக்கட்டில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொள்வார்.

எட்டு மாதத்துக்கு முன் ஆன்ட்டி பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடி, ஆடலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். சாருக்குத்தான் பயம் போகவில்லை. ஆன்ட்டியை சர்ச்சுக்குக்கூடத் தனியாக விடுவதில்லை.

அன்றைக்கு ஆன்ட்டி வெடித்துவிட்டார்.

“கையைப் பாருங்க, எப்படிச் சிவந்திருக்கு! இது டான்ஸா, போலீஸ் பிடியா? இன்னைக்கும் இப்படின்னா இனிமே நான் வரவே மாட்டேன்.”

சார் முகம் செத்துவிட்டது. ஆசைப்பட்டு இங்கே சேர்ந்தது ஆன்ட்டிதான்.

கிளெண்டா மிஸ் “ஜோடி மாத்துங்க!” என்றாள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஜோடி மாறுவது எங்கள் வழக்கம். சார் என்னிடம் வந்தார். அட, அவர் கை அவ்வளவு லேசு! நான் ஜம்மென்று சுற்றி வந்தேன்.

மிஸ் பாட்டை நிறுத்தினாள். “அங்கிள், இவங்களை மட்டும் எப்படி விட்டீங்க?”

“இவங்க விழுந்தா இவங்க வீட்டுக்காரர் பாத்துப்பார்.”

எனக்குச் சுருக்கென்றது. சிரிப்பும் வந்தது.

“ஸ்டெல்லா ஆன்ட்டியை விட்டா?”

“விழுந்துடுவா மிஸ்.”

“சரி, இந்தப் பாட்டுக்கு நீங்க ஆன்ட்டி. நான் நீங்க.”

மிஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் பிடிக்கும் அதே பிடி, அதே கட்டைவிரல். சுற்றச் சொன்னாள். பாதிச் சுற்றில் சாரின் தோள் முறுக்கிக்கொண்டது. கால் ஒன்றில் ஒன்று சிக்கியது.

“விடுங்க மிஸ்! விடுங்க, விழுந்துடப் போறேன்!”

விட்டாள். சார் இரண்டு எட்டு வைத்து நேராக நின்றார்.

மூச்சு வாங்கியபடி தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரே ஆன்ட்டியிடம் போய், நான்கு விரலை மட்டும் நீட்டினார். கட்டைவிரல் தனியாக விலகி நின்றது.

பாட்டு தொடங்கியது. ஆன்ட்டி தள்ளிப் போனார். கை நீளம் முழுக்கப் போனார். சார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். திறந்தபோது ஆன்ட்டி ஒரு சுற்று முடித்து, சிரித்துக்கொண்டு அவர் முன்னால் நின்றார்.

“அப்பாடா!” என்றார் சார். எட்டு மாதமாய் அடக்கி வைத்த மூச்சு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான்.

கிளம்பும்போது சார் வாசலில் தயங்கினார். ஆன்ட்டி தனியாகப் படி இறங்கிக்கொண்டிருந்தார்.

“மிஸ், ஒருவேளை நிஜமாவே விழுந்துட்டா?”

“தூக்கி விடுங்க அங்கிள். இப்பதான் கை சும்மா இருக்கே.”