கிடங்குப் பூட்டு

மடத்துக்கு வந்த வேணுகோபாலன் உட்காரக்கூட இல்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் அவர். சாமியின் நெடுநாள் சீடர்.

“சாமி, ஒரு சந்தேகம். எங்க நிலையத்துல யார் மேலயும் தப்பு இல்ல. ஆனா வருஷா வருஷம் நெல்லு நனையுது. அது எப்படி?”

“யார் மேலயும் இல்லையா?”

“சாக்கு அனுப்பறது மண்டல ஆபீஸ். லாரி அனுப்பறது ஒப்பந்தக்காரர். ஈரம் பார்க்கிற மெஷின் ரிப்பேர்னு எழுதிப் போட்டாச்சு. அவங்கவங்க வேலையை அவங்கவங்க சரியாத்தான் செய்யறாங்க.”

சாமி வானத்தைப் பார்த்தார். தெற்கே கறுத்திருந்தது.

“வண்டியை எடு.”

நிலையத்து வாசலில் விவசாயி அஞ்சலையின் குறுவை நெல் குவிந்து கிடந்தது. சாக்கு வரவில்லை என்று ஒரு வாரமாகக் காவல் இருக்கிறாள். தன் சேலைகளை விரித்து மேலே போட்டிருந்தாள். கால்வாசிக்குக்கூடப் போதவில்லை.

“வாங்க சார்,” என்றாள் வேணுகோபாலனிடம். “காய்ஞ்சு கிடந்தப்ப சாக்கு இல்லேன்னீங்க. இனி சாக்கு வந்தா ஈரம்னு தள்ளுவீங்க. விளைய வெச்சது என் குத்தந்தான். இதுவும் போச்சுன்னா அடுத்த போகம் தாளடி நடவுக்கு நான் எங்க போவேன்?”

தூறல் விழுந்தது.

“தார்ப்பாய் இல்லையா?” என்றார் சாமி.

“புதுசா வந்திருக்கு சாமி. கிடங்குல பூட்டியிருக்கு.”

“சாவி?”

“கண்காணிப்பாளர்கிட்ட. அவர் கூட்டத்துக்குப் போயிருக்கார்.”

“என்ன கூட்டம்?”

வேணுகோபாலன் தயங்கினார். “மழையிலேர்ந்து நெல்லைக் காப்பாத்தறதைப் பத்தி.”

அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டாள்.

“போன் போடுய்யா!” என்றார் சாமி.

போட்டார். பேசினார். வைத்தார்.

“மழை பெஞ்சதா பதிவாகி, மேலேர்ந்து உத்தரவு வந்தப்புறம்தான் எடுக்கணுமாம்.”

மழை வலுத்தது. அஞ்சலை கைகளை விரித்து நெல்லின் மேல் குப்புறப் படுத்துவிட்டாள்.

சாமி கீழே கிடந்த கருங்கல்லை எடுத்து வேணுகோபாலன் கையில் திணித்தார்.

“உடை பூட்டை.”

“ஐயோ சாமி, அரசாங்கப் பூட்டு! பொழுது சாயறதுக்குள்ள என்னை சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க.”

“ஏன், விசாரிக்க மாட்டாங்களா? மண்டல ஆபீஸா, ஒப்பந்தக்காரரா, மெஷினான்னு?”

“விசாரிக்க என்ன சாமி இருக்கு? நான்தான் உடைச்சேன்னு ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாங்களே.”

“அப்போ உங்க ஆபீஸுக்கு ஆளைக் கண்டுபிடிக்கத் தெரியுது!” என்று கத்தினார் சாமி.

வேணுகோபாலன் பூட்டைப் பார்த்தார். கல் கையிலேயே இருந்தது.