வாலை மறந்த நாய்

நாய்க்கு மந்திரப் பட்டை கட்டினான் இருளப்பன். அங்கேதான் எல்லாம் கெட்டது.

மலைக்கு ஒரு ராஜா, மடுவுக்கு ஒரு ராஜா என்று இருந்த காலம். எல்லைமலை உச்சியில் ஒற்றைக் காவல்மேடு. காவலுக்கு இருளப்பன், துணைக்கு ஒரு நாய். கன்றுக்குட்டி உயரம். அதற்குப் பெயர் உண்டு. இப்போது கேட்காதீர்கள்.

மாதம் ஒரு முறை கோவேறு கழுதையில் அரிசி வரும். மற்ற நாளெல்லாம் காற்று, பாறை, நாய். பழைய தலைப்பாகையைக் கிழித்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தான். ஒரு முனை அவன் கையில், மறுமுனை அதன் வாயில். இழு, இழு, இழு. பொழுது போய்விடும்.

ஒரு நாள் தளபதி வந்தார். நாய் பாய்ந்து அவர் தலைப்பாகையைக் கவ்விக்கொண்டு ஓடியது. தலைப்பாகை என்றாலே விளையாட்டுத்தானே அதற்கு!

"இது காவல் நாயா, கூத்தாடியா? பௌர்ணமிக்குள் சொன்னால் கேட்க வேண்டும். இல்லையென்றால் பிடித்துக்கொண்டு போய்விடுவேன்."

"ஐயா, எனக்கு இதைவிட்டால் யாருமில்லை..."

"பௌர்ணமி!" என்று சொல்லிவிட்டு அவர் வெறுந்தலையோடு இறங்கிப் போனார்.

மறுநாளே ஒரு மந்திரவாதி வந்தான். கையில் கழுத்துப்பட்டை. "கட்டு. சொன்னதைச் செய்யும்."

"விலை?"

"நீ அதைக் கூப்பிடும் பெயர்."

"பெயர்தானே? எடுத்துக்கொள்" என்றான் மடையன். கட்டினான். பெயர் நினைவிலிருந்தே போய்விட்டது.

உட்காரு என்றான், உட்கார்ந்தது. வா என்றான், வந்தது. படு என்றான், படுத்தது. வால் மட்டும் ஆடவில்லை. தின்னு என்று சொன்னால்தான் தின்றது. குளிரில் அவன் காலோடு ஒட்டிப் படுப்பது போச்சு. முன்பு மலையில் தனியாக இருந்தவன் ஒருவன். இப்போது தனியாக இரண்டு பேர்.

பட்டையை இழுத்தான், அறுக்கப் பார்த்தான், நெருப்பைக் காட்டினான். அசையவில்லை.

"நீ சொல்லாத ஒன்றை அது தானாகச் செய்தால் அறும்" என்று பாறைக்குப் பின்னாலிருந்து சிரித்தான் மந்திரவாதி. "செய்யாது!"

"விளையாடு" என்றான் இருளப்பன். பொம்மை போலக் குதித்தது. சொல்லிச் செய்தது கணக்கில் சேருமா? சேராது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

முதல் நாள் சோற்றின் முன் உட்கார்ந்தே இருந்தது. இரண்டாம் நாள் விலா எலும்பு தெரிந்தது. மூன்றாம் நாள் கால் நடுங்கியது. ஒரு சொல் போதும், தின்றுவிடும். சொன்னால் பட்டை போகாது. சொல்லாவிட்டால் உயிர் போய்விடும். சொல் பல்வரை வந்துவிட்டது. முடிச்சுத் துணியை எடுத்துத் தன் வாயிலேயே திணித்துக் கடித்தான். மண்டிபோட்டு அழுதான். மாட்டேன், மாட்டேன் என்று தலையை உதறினான். துணி இப்படியும் அப்படியும் ஆடியது.

நாய் பார்த்தது. காது நிமிர்ந்தது. எழுந்து வந்து துணியின் மறுமுனையைக் கவ்வி ஒரே இழுப்பு!

பட்டை பட்டென்று அறுந்தது. மந்திரவாதி புகையாகிப் போனான். இருளப்பனுக்குப் பெயர் நினைவுக்கு வந்தது. நாயின் காதில் அதைச் சொன்னான். நாய் சோற்றை நக்கித் தீர்த்துவிட்டு மறுபடி துணிக்கு வந்தது. வால் சுழன்றது.

அப்புறம் விளையாட்டுத்தான் பாடம். உட்கார்ந்தால் துணி பறக்கும். வந்தால் இழுக்கலாம். விட்டால் மறுபடி பறக்கும்.

பௌர்ணமி அன்று தளபதி தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே ஏறி வந்தார். இருளப்பன் கண் காட்டினான். நாய் உட்கார்ந்தது. வால் மட்டும் தரையைப் பெருக்கியது.

தளபதி சிரித்துவிட்டார். "இனி இது உன்னுடையதே. அடேய், எப்படியடா சரி செய்தாய்?"

"நானா? நான் கெடுத்தவன், ஐயா. சரி செய்தது சுண்டெலி" என்று நாயின் தலையைத் தடவினான்.