ஓடிப்போன புகை

மலை ஊர்களில் தை மாதப் பனி என்றால் கீழ்நாட்டார் பார்க்கிற பனி இல்லை. விடிந்தால் தோட்டமெல்லாம் உப்பைக் கொட்டினதுபோல வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறினதும் உருளைக்கிழங்குச் செடி வெந்நீர் ஊற்றினதுபோலக் கருகித் தொங்கும்.

அப்படிப்பட்ட உச்சிக்கோம்பையில்தான் குழந்தைவேலு இருந்தான். சந்தையில் எல்லோரிடமும் ஏமாந்து, அதையே படிப்பாக வைத்துக்கொண்டவன். பேரத்தில் தன்னை வெல்ல ஆளில்லை என்பது அவன் முடிவு. கோபம் மூக்கு நுனியில் குடியிருந்தது. தம்பிகள் சென்னாண்டியும் வெள்ளைச்சாமியும் அண்ணன் சொன்னால் யோசிக்கிற பழக்கமே இல்லாதவர்கள்.

அவன் பெண்சாதி பவளக்கொடி, தங்கச்சி பிரசவத்துக்குக் கீழே கிளம்பினாள்.

"பனி இறங்குறப்ப குப்பையைக் கொளுத்திப் புகை மூட்டம் போடுங்க. புகை நம்ம தோட்டத்தை விட்டுப் போகாமப் பாத்துக்கங்க. கிழங்கு கருகிச்சுன்னா, நான் எங்கம்மா வீட்டோட இருந்துக்குவேன்."

ஜீப் இறங்கிப் போனது. குழந்தைவேலு உடனே தம்பிகளைக் குப்பை கூட்டச் சொன்னான். அவள் சொன்னால் செய்கிறவள்.

அன்று பொழுது சாய்ந்ததும் புகை போட்டார்கள். அது நேராகப் பள்ளத்துத் தோட்டத்துப் பொன்னுக்காளை பக்கம் நடந்தது.

"டேய், போகுதுடா! மறி!"

வெள்ளைச்சாமி கம்பைச் சுழற்றினான். புகை அடிக்கு அஞ்சவில்லை. நாயைக் குறுக்கே கட்டினார்கள், நாய் தும்மியது. வீட்டிலிருந்த கம்பளியெல்லாம் எடுத்து வரப்பில் மறைப்புக் கட்டினார்கள். புகை மேலே ஏறித் தாண்டியது.

சென்னாண்டி தாடையைத் தடவினான். "அண்ணே, அது பழக்கமில்லாத புகை. வீட்டு அடுப்புப் புகையா இருந்தா இப்படிப் போகுமா?"

"அதுவும் கூரை வழியாப் போகத்தானேண்ணே செய்யுது?" என்றான் வெள்ளைச்சாமி.

"வாசல்ல நம்ம செருப்புக் கிடக்குதுல்ல, அதைத் தாண்டாம மரியாதையா மேல போகுது."

அண்ணன் ஒத்துக்கொண்டான். கம்பளிகள் வரப்பைக் காக்க, மூவரும் வெறும் உடம்போடு நடுங்கிக் கிடந்தார்கள்.

விடிந்து வெயில் ஏறியது. அவர்கள் செடி கரிக்கட்டை. பள்ளத்தில் பொன்னுக்காளையின் செடி பச்சைப்பசேலென்று சிரித்தது.

குழந்தைவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். "யோவ் மாமா! எங்க புகையைக் குடும்!"

பொன்னுக்காளை அவனை ஏற இறங்கப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. "கூப்பிட்டா வந்துச்சு? அதுவா வந்துச்சு மாப்ளே. ராத்திரி பூரா தங்கியிருக்கு. தங்கினதுக்கு என்ன தர்றே?"

"களவாண்டவனுக்குக் கூலியா? என் செடி பச்சையானாத்தான்யா என் பெண்சாதி வருவா!"

"அப்போ உன் சேவலைக் குடு. புகையைப் பிடிச்சுத் தர்றேன்."

"சேவல் அநியாயம். றெக்கை மட்டும் தர்றேன்."

"முழுச் சேவல்."

"சரி, முழுச் சேவல். ஆனா புகையைக் கட்டித் தர்ற சாக்கு எனக்கு. திருப்பிக் கேக்கக் கூடாது!"

பொன்னுக்காளை நெற்றியில் அடித்துக்கொண்டார். "உங்கிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா மாப்ளே?"

சேவல் கைமாறியதும், வெறும் பூண்டுச் சாக்கை விரித்துக் காற்றில் இரண்டு வீச்சு வீசி, வாயை இறுக்கக் கட்டிக் கொடுத்தார்.

"சாக்கையும் சேத்து அடிச்சிட்டேன்டா!" என்று மேலே வந்தான் குழந்தைவேலு. கருகின செடி நடுவில் வைத்து அவிழ்த்தார்கள். ஒன்றும் வரவில்லை.

"ஏமாத்திட்டாரா?" என்றான் வெள்ளைச்சாமி.

"என்னையா? ராத்திரிக் குளிர்ல உறைஞ்சிருக்கும்டா. அடுப்புல வச்சு இளக்கணும்."

வைத்தார்கள். சற்று நேரத்தில் சாக்கிலிருந்து குபுகுபுவென்று புகை கிளம்பியது.

"பாத்தியா! உள்ளதான் இருந்திருக்கு! பொன்னுக்காளை யோக்கியன்டா!"

மூவரும் கண்ணீரும் கம்பலையுமாக இருமிக்கொண்டு கும்மாளம் போட்டபோது வெளியே ஜீப் வந்து நின்றது. தங்கச்சிக்கு ராத்திரியே பிரசவம் ஆகிவிட, பவளக்கொடி திரும்பி வந்து இறங்கினாள். கருத்த தோட்டத்தைப் பார்த்தாள். அடுப்பில் எரிகிற சாக்கைப் பார்த்தாள். பையைக் கீழேகூட வைக்கவில்லை. வந்த ஜீப்பிலேயே திரும்ப ஏறிக்கொண்டாள்.

"அண்ணே, மதினி போறாங்க!"

குழந்தைவேலு வெளியே ஓடி வந்தான்; ஆனால் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கூரை வழியாக ஏறின புகை, மெல்லப் பள்ளத்துத் தோட்டத்துப் பக்கம் சாய்வதைப் பதறிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவளுக்குத் திரும்பி வர வழி தெரியும்டா. புகைக்குத் தெரியாது. ஓடு, மிச்சமிருக்கிற கோழியைப் பிடி!"