மாபுரியின் வெண்குடை

முன்னொரு காலத்தில், மேகங்கள் முட்டிக்கொண்டு நிற்கும் மலைகளுக்கு நடுவே குறும்பொறை என்று ஒரு குட்டி நாடு இருந்தது. அதை நெடுங்கோ என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. "இன்று எல்லோரும் பச்சை உடுத்த வேண்டும்" என்பார். சாப்பிட்டு எழுந்ததும், "ஏன் எல்லோரும் கிளிக் கூட்டம் மாதிரி நிற்கிறீர்கள்?" என்று சீறுவார்.

அவரைச் சமாளிக்கத் தெரிந்தவர் அமைச்சர் கொற்றியார் ஒருவர்தான். உப்பு வண்டி ஓட்டும் குடும்பத்தில் பிறந்த பெண், தன் அறிவாலேயே அமைச்சரானவர். அதுதான் அரண்மனை அதிகாரி வில்லவராயருக்கு வயிற்றெரிச்சல்.

குறும்பொறையின் வடக்குக் கணவாயை ஒரு காலத்தில் கொள்ளைப் படைகள் உடைத்துக்கொண்டு வந்தன. அவற்றை விரட்டியது மாபுரிப் பேரரசின் குதிரைப்படை. இன்றும் அந்தக் கணவாயைக் காப்பது அதே படைதான். ஆனால் மாபுரி பத்து நாள் பயணத் தொலைவு. அடுப்பில் ஏற்றும் நெல்லும் உப்பும் வருவது பக்கத்து நான்கு நாடுகளிலிருந்து. எல்லைக்கு எல்லை வண்டிகளை மறித்துப் போடுவதால் மழைக்காலத்தில் நெல் மூட்டையிலேயே முளைத்துவிடும். போன வருஷம் மலைக் கிராமங்களில் பட்டினி. அதைக் கண்ணால் பார்த்த கொற்றியார் நான்கு அரசர்களிடமும் நடையாய் நடந்து, எல்லைகளைத் திறந்துவிட எல்லோரையும் சம்மதிக்க வைத்தார். ஐந்து நாட்டுச் சபை குறும்பொறையில் கூடுவதாக நாளும் குறித்தாயிற்று.

சபைக்கு மூன்று நாள் இருக்கும்போது மாபுரித் தூதர் உக்கிரசேனர் வந்து இறங்கினார். கூடவே எட்டு வீரர்கள் தூக்கி வந்த, முத்துக் கட்டிய பிரம்மாண்டமான வெண்குடை.

"எங்கள் பேரரசரின் பரிசு. சபையில் தலைமை இருக்கைக்கு மேல் இது விரிய வேண்டும் என்பது அவர் ஆணை."

தூதர் ஓய்வெடுக்கப் போனதும் ராஜா குஷியாகிவிட்டார். "ஆகா! அதன் கீழே நான் எவ்வளவு எடுப்பாக இருப்பேன்!"

கொற்றியாருக்குச் சிக்கல் உடனே புரிந்தது. மாபுரியின் குடைக்குக் கீழே உட்கார்ந்தால், "இவர் மாபுரியின் அடிமை" என்று நான்கு அரசர்களும் எழுந்து போய்விடுவார்கள். விரிக்க மறுத்தால் கணவாயில் குதிரைப்படை இருக்காது. அவர் மெல்ல இதை எடுத்துச் சொன்னதும் ராஜாவின் முகம் சுருங்கியது.

வில்லவராயர் இருமினார். "மன்னர் கவலைப்படலாமா? அமைச்சர்தான் மகா புத்திசாலி ஆயிற்றே. குடையும் விரியட்டும், சபையும் கூடட்டும். முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உப்பு வண்டி ஓட்டப் போகட்டும்."

"பலே, நல்ல போட்டி!" என்று ராஜா தொடையைத் தட்டினார்.

"சம்மதம் அரசே" என்றார் கொற்றியார்.

சபை நாள் வந்தது. நடு மேடையில் ஓர் உயர்ந்த இருக்கை, அதன் மேல் மேடையையே மூடும் அளவுக்கு விரிந்த வெண்குடை. நான்கு அரசர்களும் அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். "இதற்காகவா கூப்பிட்டீர்கள்?" என்று ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டார். வில்லவராயர் மீசையைத் தடவினார்.

கொற்றியார் தூதரிடம் போய்க் கைகூப்பினார். "வாருங்கள் தூதரே. தலைமை இருக்கை தங்களுக்குத்தான்."

"எனக்கா?"

"பேரரசரின் குடைக்குக் கீழே பேரரசரின் ஆள் உட்காராமல் வேறு யார் உட்காருவது?"

தூதர் இரண்டடி பின்வாங்கினார். "ஐயையோ, வெண்குடைக்குக் கீழே நான் உட்கார்ந்தால் ராஜ துரோகம்!"

வில்லவராயருக்குச் சந்தேகம் தட்டியது. தூதரே பயந்தால் ராஜாவும் உட்கார மாட்டார், அமைச்சர் ஜெயித்துவிடுவார் என்று மேடையில் ஏறினார். "இதிலென்ன பயம்? இதோ, நான் உட்கார்ந்து காட்டுகிறேன்!" என்று இருக்கையில் சம்மணமிட்டார்.

அவ்வளவுதான். மாபுரி வீரர்களின் எட்டு ஈட்டிகளும் அவர் கழுத்தைச் சுற்றி நின்றன.

"இறங்கடா!" என்று அலறினார் தூதர். "எங்கள் பேரரசர் ஒருவரைத் தவிர இந்தக் குடைக்குக் கீழே எவன் உட்கார்ந்தாலும் தலை தப்பாது!"

"எவன் உட்கார்ந்தாலுமா?" என்று நிதானமாகக் கேட்டார் கொற்றியார். "அரசனாக இருந்தாலுமா?"

"அரசனாக இருந்தாலும்தான்!"

கொற்றியார் சபையைப் பார்த்துத் திரும்பினார். "எல்லோரும் கேட்டீர்கள். நெடுங்கோ மன்னர் மாபுரியின் நண்பர். நண்பரின் இருக்கையை அவர் பறிக்க மாட்டார். குடை விரிந்தபடியே இருக்கட்டும், இருக்கையும் காலியாகவே இருக்கட்டும். நாம் இப்படிக் கீழே உட்காருவோம்."

மேடைக்குக் கீழே, குடை நிழலுக்கு வெளியே வட்டமாக ஐந்து பாய்கள், எல்லாம் ஒரே உயரம். செருப்பு மாட்டிய அரசர் அதை உதறிவிட்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே பின்தொடர்ந்தார்கள். நெடுங்கோவும் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு பாயில் அமர்ந்தார். தூதருக்கு விருந்தினர் வரிசையில் பட்டு விரிப்பு. ஆணைப்படி குடை விரிந்துதான் இருந்தது. அண்ணாந்து அதைப் பார்த்துவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

"தூதரே, அந்த மனிதரை விட்டுவிடச் சொல்லுங்கள். விவரம் தெரியாமல் ஏறிவிட்டார்" என்றார் கொற்றியார். ஈட்டிகள் விலகின. வில்லவராயர் மேடையிலிருந்து தவழ்ந்து இறங்கினார். சபையே விழுந்து விழுந்து சிரித்தது.

பொழுது சாய்வதற்குள் எல்லைகளைத் திறந்துவிடும் ஓலையில் ஐந்து முத்திரைகளும் பதிந்தன. 'ஐந்து நாட்டுச் சபையில் தங்கள் குடை விரிந்தது; அதன் கீழ் உட்கார ஒருவருக்கும் துணிவில்லை' என்று தூதர் எழுதி அனுப்பினார். பேரரசர் மகிழ்ந்துபோய்க் கணவாய்க்கு இன்னும் நூறு குதிரைகளை அனுப்பி வைத்தார்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிக் கொற்றியாருக்குப் போட்டார். வில்லவராயரை உப்பு வண்டிகளை வரவேற்கும் வேலைக்கு எல்லைக்கு அனுப்பினார். பிறகு திடீரென்று கவலை வந்துவிட்டது அவருக்கு.

"அமைச்சரே, பேரரசரே ஒருநாள் நேரில் வந்து அந்த இருக்கையில் உட்கார்ந்துவிட்டால்?"

"வரட்டும் அரசே. விருந்து வைப்போம். விருந்து முடிந்தால் விருந்தாளி ஊருக்குக் கிளம்பத்தானே வேண்டும்?"

ராஜா சிரித்த சிரிப்பில் மாடத்துப் புறாக்கள் பறந்தன. அந்த மழைக்காலத்தில் குறும்பொறை மலைகளில் ஒரு வீட்டு அடுப்புகூட அணையவில்லை.